மூணு பேர் மூணு சொல்றாங்க, நான் எதை மாத்துறது? பழைய மினி டிராக்டர்ல சார்ஜ் ஏறாத பிரச்சனை

கேள்வி: அண்ணே வணக்கம். பேராவூரணி பக்கம் தென்னை விவசாயம் பண்றேன், கூடவே மூணு மா நெல்லும் இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 2008 மாடல் மூணு சிலிண்டர் டீசல் மினி டிராக்டர் வச்சிருக்கேன். தோப்புக்குள்ள ரோட்டவேட்டர் ஓட்டவும் தேங்கா ஏத்தவும் இதுதான். ரெண்டு வருசத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன், 50 ஏஎச் (ஆம்பியர் ஹவர்), இப்ப ரெண்டாவதும் படுத்துடுச்சு. தினம் ஓட்டுனா எடுக்குது, ரெண்டு நாள் நிறுத்தி மூணாவது நாள் சாவி போட்டா கடக் கடக்னு சத்தம் மட்டும் தான். வண்டி மெக்கானிக் பேட்டரி மட்டம்னு சொல்றாரு, பேட்டரி கடைல டைனமோ காயில் போச்சுன்னு சொல்றாங்க, ஸ்பேர் கடைல கட்டவுட்ட, அதாவது டைனமோ கரண்ட அடக்கி பேட்டரிக்கு அனுப்புற ரெகுலேட்டர் பெட்டிய, மாத்துன்னு சொல்றாங்க. மெக்கானிக் வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயர கழட்டி பாத்துட்டு, வண்டி நிக்கல, அதனால டைனமோ நல்லா இருக்குன்னாரு. டைனமோவுல இருந்து ரெண்டே ரெண்டு ஒயர் தான் வருது. மீட்டர் போர்டுல சிவப்பு சார்ஜ் லைட் நான் வாங்குனதுல இருந்து எரிஞ்சதே இல்ல. ரெண்டு எல்இடி போக்கஸ் லைட்டும் ஒரு பாட்டு பெட்டியும் போட்டிருக்கேன். எதை மாத்துறதுன்னு சொல்லுங்க.

பதில்: தம்பி வணக்கம். மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. மூணு பேரும் உங்கள ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல, ஆனா மூணு பேருமே மீட்டர் வச்சு அளந்து பாக்காம சொல்லியிருக்காங்கன்னு கடிதத்துலயே தெரியுது. தேங்கா விலை ஏறியும் எறங்கியும் கிடக்குற நேரத்துல ரெண்டு பேட்டரி காசு போயிருக்குன்னு படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரத்தநாட்டுல பட்டறை வச்சுக்கிட்டு நான் பாக்குற வண்டிங்கள்ல செத்துப்போன பேட்டரியோட வர்றதுல ரொம்ப வண்டிக்கு நோய் பேட்டரியில இல்ல, பேட்டரிய கொன்னது வேற ஒன்னு, அத விட்டுட்டு புதுசு போட்டா அதையும் அது கொல்லும், உங்களுக்கு நடந்ததும் அதே தான்.

அந்த ஒயர கழட்டி பாக்குற டெஸ்ட்ட பத்தி பேசிட்டு தான் மத்ததுக்கு போகணும். பழைய மாடல் டீசல் இஞ்சின் ஓடுறதுக்கு கரண்டே தேவையில்ல தம்பி. பெட்ரோல் வண்டி மாதிரி பிளக்ல பொறி வரணும்னு அதுல ஒன்னும் கிடையாது, பம்பு டீசல அழுத்தி நாசில்ல பீச்சுது, காத்து அழுத்தத்துல சூடாகி தானா பத்திக்குது. உங்க வண்டி மாதிரி பழசுல இஞ்சின நிறுத்தக்கூட இழுக்குற கம்பி தான் பெரும்பாலும் இருக்கும். அப்ப டைனமோ செத்தே போயிருந்தாலும், பேட்டரிய கழட்டி வரப்புல வச்சிட்டாலும் வண்டி ஓடிக்கிட்டே தான் இருக்கும். அதனால அந்த டெஸ்ட் எதையும் நிரூபிக்கல. நிரூபிக்கலன்னா பரவாயில்ல, கெடுக்கவும் செய்யும். உங்க டைனமோவுக்குள்ள காந்தம் சுத்துது, சுத்த சுத்த வோல்ட்டேஜ் ஏறும், அதை அடக்கி வைக்கிறது கட்டவுட்டும் பேட்டரியும் சேர்ந்து. ஓட்டத்துல பேட்டரிய பிரிச்சா அந்த வோல்ட்டேஜ் எகிறி கட்டவுட்டுக்குள்ள இருக்குற டயோடையும், எரிஞ்சிட்டு இருக்குற பல்பையும் சேர்த்து தூக்கிடும். ஆல்டர்னேட்டர் வண்டிலயும் இதே கதை தான். இனிமே யார் வந்து கழட்ட கை வச்சாலும் கையை புடிச்சு நிறுத்துங்க, மரியாதை பாக்காதீங்க.

சரி, இப்ப பெருசா காசு செலவில்லாம, மீட்டர் கூட இல்லாம ஒரு சோதனை. பேட்டரிய ஒரு கடைல குடுத்து முழுசா சார்ஜ் ஏத்தி கொண்டாந்து மாட்டுங்க. வண்டிய எடுத்து ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்துங்க. நிறுத்துன உடனே மைனஸ் டெர்மினல, அதாவது பாடிக்கு போற கருப்பு ஒயர, கழட்டி தனியா ஒதுக்கி வச்சிடுங்க. மூணு நாள் அப்படியே விடுங்க. மூணாவது நாள் மாட்டி சாவி போடுங்க. கப்புனு எடுத்துச்சுன்னா பேட்டரி நல்லா இருக்கு, நிறுத்தி வச்ச நேரத்துல எங்கயோ கரண்ட் கசியுதுன்னு அர்த்தம். ஒயர கழட்டி வச்சும் எடுக்கலன்னா கசிவு காரணம் இல்ல, பேட்டரிக்குள்ளயே கோளாறு. ரெண்டுக்கும் நடுவுல, கழட்டி வச்சா எடுக்குது ஆனா அடுத்தடுத்து தினம் ஓட்ட ஓட்ட வலு குறைஞ்சுகிட்டே வருதுன்னா சார்ஜ் ஏறல. இந்த ஒரு சோதனையிலயே பாதி வழி வந்துடுவீங்க.

உங்க கடிதத்துல அந்த மூணாவது நாள் கணக்கு இருக்கு பாருங்க, அதுவும் பாட்டு பெட்டியும் தான் எனக்கு உறுத்துது. பாட்டு பெட்டிய எங்க இருந்து கனெக்ஷன் எடுத்தீங்கன்னு எழுதல, ஆனா நூத்துக்கு தொண்ணூறு பேர் நேரா பேட்டரி ப்ளஸ்ல இருந்து தான் இழுப்பாங்க, சாவிய அணைச்சாலும் அதுக்கு கரண்ட் போயிட்டே இருக்கும். பாட்டு நிறுத்தியிருந்தாலும் உள்ள ஆம்ப்ளிபயர் முழிச்சுகிட்டு கால் ஆம்பியர் இழுத்தா போதும், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 6 ஏஎச் போச்சு, மூணு நாளைக்கு 18. உங்களது 50 ஏஎச் பேட்டரி, அதுவும் முழுசா சார்ஜ் ஏறாம அரைகுறையா நிக்கிற பேட்டரி, அதுல 18 போனா செல்ப் எப்படி சுத்தும்? கஜா அடிச்ச 2018 நவம்பர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தப்ப நம்ம பக்கம் டிராக்டர் பேட்டரில இருந்து தான் போனுக்கு சார்ஜ் போட்டோம், லைட் எரிச்சோம், அப்ப அவசரத்துக்கு இழுத்த ஒயரு இன்னைக்கும் பல வண்டில டேப் சுத்துனபடி அப்படியே தொங்குது. வாங்குன வண்டில அந்த மாதிரி பழைய ஒயர் ஏதாவது இருக்கான்னு சீட்டுக்கு அடியில, மட்கார்டுக்கு அடியில டார்ச் அடிச்சு பாருங்க. எலி கடிச்ச இடமும் அங்க தான் இருக்கும், வயல் எலி அறுப்பு முடிஞ்சதும் கொட்டகைக்கு தான் வரும், அதுக்கு ஒயர் மேல இருக்குற பிளாஸ்டிக்க கடிக்கிறது பழக்கம், செம்பு வெளிய வந்து பாடில உரசிக்கிட்டு கிடந்தா பேட்டரி ராத்திரியோட ராத்திரியா காலி.

கசிவ அளக்கணும்னா ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்க, எலக்ட்ரிகல் கடைல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், பேட்டரி விலையோட பாத்தா ஒன்னுமே இல்ல. சாவி ஆஃப், லைட் எல்லாம் ஆஃப். மைனஸ் ஒயர கழட்டி, மீட்டர 10 ஆம்பியர் டிசி குழில வச்சு, ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனை கழட்டுன ஒயர்ல. உங்க வண்டில கம்ப்யூட்டரும் கிடையாது கடிகாரமும் கிடையாது, அதனால பூஜ்யத்துக்கு பக்கத்துல தான் காட்டணும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல, அதாவது 0.05க்கு மேல காட்டுச்சுன்னா கசியுது. அப்ப ஒவ்வொன்னா புடுங்குங்க, மொதல்ல பாட்டு பெட்டி, அப்பறம் போக்கஸ் லைட், அப்பறம் பியூஸ் ஒவ்வொன்னா, அப்பறம் கட்டவுட்டோட கப்ளர், அதாவது ஒயர் எல்லாம் சேர்ந்து சொருகுற பிளக். எதை புடுங்குனதும் பூஜ்யத்துக்கு வருதோ அது தான் திருடன். கட்டவுட்ட புடுங்குனதும் நின்னுச்சுன்னா உள்ள டயோடு லீக், அப்ப அதை மாத்தித்தான் ஆகணும். ஒரே ஒரு எச்சரிக்கை, மீட்டர் இப்படி நடுவுல இருக்கும்போது மறந்தும் செல்ப் அடிச்சிடாதீங்க, செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல கூட இழுக்கும், மீட்டர் கருகிடும்.

அடுத்து பேட்டரி. இப்ப இருக்குற பேட்டரி செத்துடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, ஆனா அது பட்டினி கிடக்கலாம், செத்துருக்கணும்னு இல்ல. தண்ணி ஊத்துற மாதிரி மூடி இருந்தா ஆறு மூடியையும் தொறந்து பாருங்க. பிளேட்டு தண்ணிக்கு மேல தெரியக்கூடாது, அதுக்கு மேல ஒரு 10லேர்ந்து 15 மில்லிமீட்டர் நிக்கணும். குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் தான் ஊத்தணும், ஆசிட் ஊத்தக்கூடாது, போர் தண்ணி கூடவே கூடாது. உங்க பக்கம் சேதுபாவாசத்திரம் கடலோரம் வரைக்கும் போர் தண்ணில உப்பு எவ்வளவுன்னு உங்களுக்கு தெரியாததா, அந்த உப்பு பிளேட்ட தின்னுடும். கேன் தண்ணியும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்னு இல்ல, நிறைய பேர் அதை ஊத்துறாங்க, வேண்டாம்.

சார்ஜ் ஏத்தும்போது கடைக்காரர்கிட்ட மெதுவா ஏத்த சொல்லுங்க. 50 ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் தான் கணக்கு, பத்து பன்னெண்டு மணி நேரம் ஆகும், ரொம்ப எறங்கியிருந்தா அதுக்கு மேலயும் ஆகும். ஒரு மணி நேரத்துல ஏத்தி தர்றேன்னு சொன்னா குடுக்காதீங்க, அது மேலாப்ல வோல்ட் காட்டும், உள்ள ஏறியிருக்காது, பிளேட்டும் சூடாகி கெட்டுடும். ஏத்தி முடிச்சு ஒரு ராத்திரி சும்மா விட்டு காலைல மீட்டர் வச்சு பாருங்க. 12.6க்கு மேல இருந்தா முழு சார்ஜ். 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12க்கு கீழன்னா கிட்டத்தட்ட காலி. முழுசா ஏத்தியும் காலைல 12.2க்கு எறங்கிடுச்சுன்னா பேட்டரி புடிச்சு வைக்கல. கடைல ஆசிட்டோட அடர்த்தி அளக்குற ஹைட்ரோமீட்டர் இருக்கும், ஆறு செல்லையும் அளந்து காட்ட சொல்லுங்க, முழு சார்ஜ்ல 1250லேர்ந்து 1280 வரைக்கும் நிக்கும், அஞ்சு செல் 1250 காட்டி ஒரே ஒரு செல் 1180 காட்டுச்சுன்னா அந்த செல் போச்சு, அப்பறம் அந்த பேட்டரிய வச்சுக்கிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஆறும் ஒரே மாதிரி இருந்தா பேட்டரி பொழைச்சிருக்கு. கடைசியா செல்ப் அடிக்கும்போது மீட்டர் வச்சு பாருங்க, 9.6க்கு கீழ போகாம இருந்தா திடமா இருக்குன்னு நம்பலாம்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற இடத்துக்கு வர்றேன், எர்த்து, அதாவது பேட்டரி மைனஸ் வண்டி பாடியோட சேர்ற இணைப்பு. பழைய டிராக்டர்ல, அதுவும் சேத்துல எறங்கி தொழி அடிக்கிற வண்டில, கடல் காத்து படுற ஊர்ல, சார்ஜ் கோளாறுல பெரும்பங்கு பொருள்ல இல்ல, பொருளுக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்குற இணைப்புல தான். மேட்டூர்ல தொறந்த தண்ணி கல்லணைக் கால்வாய்ல வந்து உங்க கடைமடைக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு வருசா வருசம் பாக்குறீங்க, இடையில வாய்க்கா தூந்து கிடந்தா அணைல எவ்வளவு இருந்து என்ன, அதே தான் இங்கயும், டைனமோ 14 வோல்ட் குடுத்தாலும் நடுவுல துருவும் பச்சை களிம்பும் தின்னது போக பேட்டரிக்கு 12.8 தான் வந்து சேரும், அது சார்ஜ் ஆகாது.

பேட்டரி மைனஸ்ல இருந்து வர்ற தடி ஒயர் சேசிஸ்ல எந்த போல்ட்ல மாட்டியிருக்குன்னு தேடி கண்டுபிடிங்க. அந்த போல்ட்ட கழட்டி, ஒயர் முனைல இருக்குற வளையத்தையும் (லக்கு) அது உக்கார்ற இடத்தையும் பளிச்சுன்னு இரும்பு தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போட்டு தேய்ங்க. பெயிண்ட் மேல லக்கு உக்காந்தா அது எர்த்தே இல்ல. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா கொதிக்கிற தண்ணில ஆப்ப சோடா கலந்து ஊத்துங்க, நுரைச்சு போயிடும், செல்லுக்குள்ள மட்டும் அந்த தண்ணி எறங்காம மூடிய இறுக்கி வச்சுக்குங்க. தேய்ச்சு மாட்டி இறுக்குன அப்பறம் மேல வாசலின் தடவுங்க, முன்னாடியே தடவாதீங்க. தடி ஒயரோட லக்க சுத்தியல்ல அடிச்சு நசுக்கியிருந்தாங்கன்னா அதை வெட்டிட்டு கிரிம்ப் பண்ணுன புது லக்கு போடுங்க, ஒயர் உள்ள கருத்து பொடிப்பொடியா வந்தா ஒயரையே மாத்துங்க. கழட்டும்போது எப்பவும் மைனஸ் மொதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. ப்ளஸ்ல ஸ்பானர் வச்சு திருகும்போது அது பாடில பட்டுச்சுன்னா கை வெந்துடும்.

எர்த்து நல்லா இருக்கான்னு அளக்க ஒரு வழி இருக்கு. மீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை பேட்டரி மைனஸ் கட்டைல, இன்னொரு முனை இஞ்சின் பிளாக்ல துரு இல்லாத ஒரு இரும்புல. வண்டி ஓடிக்கிட்டு லைட் எரியும்போது பூஜ்யம் காட்டணும், 0.2க்கு மேல காட்டுனா நடுவுல எங்கயோ அடைச்சிருக்கு. அதே மாதிரி கட்டவுட்டோட அலுமினிய பெட்டி மேல ஒரு முனைய வச்சும் பாருங்க.

கட்டவுட்டு பெட்டிய ரெண்டு போல்ட் போட்டு தகரத்துல மாட்டியிருப்பாங்க, அந்த போல்ட் தான் பல மாடல்ல அதுக்கு எர்த்து, வண்டிக்கு புது பெயிண்ட் அடிச்சவங்க அந்த எடத்தையும் சேர்த்து அடிச்சிருப்பாங்க, இல்லன்னா துரு புடிச்சிருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டிய விக்கிறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்காம விப்பாங்களா? அதனால உங்க வண்டில இத கட்டாயம் பாருங்க. சந்தேகமா இருந்தா ஒரு துண்டு ஒயர எடுத்து கட்டவுட்டு பெட்டில இருந்து நேரா பேட்டரி மைனஸ்க்கு குடுத்து, வண்டிய ஓட்டி பேட்டரில வோல்ட் பாருங்க. அதுவரைக்கும் 12.5ல நின்னது டக்குன்னு 14க்கு ஏறுச்சுன்னா உங்க பிரச்சனை ஒரு முழ ஒயர்ல முடிஞ்சுது, அந்த ஒயரயே லக்கு போட்டு நிரந்தரமா மாட்டிடுங்க.

இப்ப சார்ஜ் அளக்குறது. இதை முழுசா சார்ஜ் ஏத்துன பேட்டரிய மாட்டிட்டு தான் செய்யணும், காலியான பேட்டரிய வச்சு அளந்தா வோல்ட் கீழயே நிக்கும், டைனமோ மேல வீண் பழி விழும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரில எவ்வளவுன்னு பாத்து வச்சுக்குங்க, சுமார் 12.6. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டர பாதிக்கு மேல வச்சு ரெண்டு மூணு நிமிசம் கழிச்சு பாருங்க. 13.8லேர்ந்து 14.5க்குள்ள இருந்தா சார்ஜ் நல்லா ஏறுது, அப்ப உங்க பிரச்சனை முழுக்க கசிவு தான். 12.6லயே நின்னாலோ எறங்குனாலோ சார்ஜ் இல்ல. 15 தாண்டுச்சுன்னா கட்டவுட்டு அடக்கல, அதிகமா ஏறுது, அதுவும் பேட்டரிய கொல்லும், தண்ணி அடிக்கடி வத்தும், அழுகுன முட்டை நாத்தம் வரும், பக்கவாட்டு உப்பும். ரெண்டு பேட்டரி போனவருக்கு இதையும் கேக்க வேண்டியிருக்கு, பழைய பேட்டரி உப்பிப்போய் இருந்துச்சா, வெறும்ன எறங்கிப்போச்சா? உப்பியிருந்தா கதையே வேற.

ஐடிலிங்ல அளக்காதீங்க, சின்ன டைனமோ மெதுவா ஓடும்போது ரொம்ப கம்மியா தான் குடுக்கும். வண்டிய சும்மா ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் கொட்டகைல நிக்க வச்சா சார்ஜ் ஏறிடும்னு நெனைக்கிறது தப்பு.

சார்ஜ் இல்லன்னு தெரிஞ்சா, உங்க கடிதத்துல நீங்களே எனக்கு ஒரு துப்பு குடுத்திருக்கீங்க, அந்த சிவப்பு லைட். வண்டி ஓடாம சாவி மட்டும் போட்டா அந்த லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். உங்களுக்கு எரிஞ்சதே இல்ல. நீங்க அதை நல்ல சகுனமா எடுத்துக்கிட்டிருக்கலாம், லைட் எரியலன்னா சார்ஜ் ஆகுதுன்னு. இல்ல தம்பி, சாவி போட்டதும் எரியாத லைட்டு வாயில்லா சாட்சி, அது எதுவும் சொல்லாது. பல்பு பீஸ் போயிருக்கலாம். ஆனா ரெண்டு ஒயர் டைனமோ வண்டி நெறையல கட்டவுட்டுக்கு சாவி ஸ்விட்ச்ல இருந்து ஒரு ஒயர் வரும், சாவி போட்டாச்சுன்னு அதுக்கு தெரிஞ்சா தான் அது வேலையே ஆரம்பிக்கும். அந்த ஒயர்ல கரண்ட் வரலன்னா காயிலும் நல்லா இருக்கும், கட்டவுட்டும் நல்லா இருக்கும், ஆனா சார்ஜ் துளிகூட ஏறாது. லைட்டும் எரியல சார்ஜும் இல்லன்னா ரெண்டுக்கும் பொதுவா கரண்ட் வர்ற பியூஸ், சாவி ஸ்விட்ச், அதுக்கு நடுவுல வர்ற ஒயர், இது மேல தான் என் மொத சந்தேகம்.

அதை பாக்குறதுக்கு கட்டவுட்டு கப்ளர புடுங்கி, சாவிய போட்டு, கப்ளர்ல ஒவ்வொரு குழிலயும் பாடிக்கும் நடுவுல அளந்து பாருங்க. சாவி ஆஃப்ல கரண்ட் இல்லாம சாவி போட்டதும் 12 வோல்ட் வர்ற குழி ஒன்னு இருக்கணும். சாவி போட்டாலும் போடாட்டியும் 12 காட்டுறது பேட்டரிக்கு சார்ஜ் கொண்டு போற ஒயர், அதுல பியூஸ் இருக்கும், அதுவும் வரணும். இதுல மீட்டர மட்டும் நம்பாதீங்க, ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டிடும். இண்டிகேட்டர்ல போடுற 21 வாட்ஸ் பல்பு ஒன்னுல ரெண்டு ஒயர் வச்சு பத்தவச்சு அதை வச்சு பாருங்க, பளிச்சுன்னு எரிஞ்சா ஒயர் திடம், மினுக் மினுக்னு எரிஞ்சா உள்ள களிம்பு. பியூஸையும் கண்ணால பாத்து விட்டுடாதீங்க, கழட்டி அதோட ரெண்டு காலையும் தேய்ச்சு மாட்டுங்க, பழைய வண்டில பியூஸ் நல்லா இருக்கும், அது உக்கார்ற கிளிப் தான் பச்சை பூத்து கிடக்கும்.

அதெல்லாம் சரியா இருந்தா தான் காயில் பக்கம் போகணும். டைனமோவுல இருந்து வர்ற அந்த ரெண்டு ஒயர் கப்ளர பிரிங்க. மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்துங்க, டிசில வச்சா ஒன்னும் காட்டாது, இதுல தான் பல பேர் காயில் போச்சுன்னு தப்பா சொல்றது. வண்டிய ஓட்டி ரெண்டு ஒயருக்கும் நடுவுல அளங்க, ஆக்சிலரேட்டர் ஏத்த ஏத்த வோல்ட் ஏறிக்கிட்டே போகணும், நல்ல ஓட்டத்துல 20 வோல்ட் தாண்டணும், சில மாடல்ல அதுக்கு மேல நல்லாவே வரும். வண்டிய நிறுத்திட்டு ஒவ்வொரு ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல கன்டினியூட்டி, அதாவது உள்ள இணைப்பு இருக்கான்னு மீட்டரோட பீப் வச்சு, பாருங்க, பீப் அடிக்கக்கூடாது, அடிச்சா காயில் பாடில ஒட்டியிருக்கு. ரெண்டு ஒயருக்கும் நடுவுல அடிக்கும், அது சரிதான், தடி கம்பி சுத்துனது, ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் அளவுக்கு தான் இருக்கும், ஷார்ட்னு பயந்துடாதீங்க. வோல்ட்டும் ஏறி, பாடிலயும் ஒட்டலன்னா உங்க காயில் நல்லா இருக்கு, பேட்டரி கடைக்காரர் சொன்னது தப்பு.

காயில் வோல்ட் குடுக்குது, சாவி ஒயர்ல கரண்ட் வருது, எர்த்து பளிச்சுன்னு இருக்கு, பேட்டரிக்கு போற ஒயரும் திடம், அப்பவும் சார்ஜ் ஏறலன்னா அப்ப தாராளமா கட்டவுட்ட மாத்துங்க, ஸ்பேர் கடைக்காரர் சொன்னது சரியாகிடும். முன்ன எப்பவாவது பேட்டரி எறங்கி வேற வண்டில இருந்து ஒயர் குடுத்து எடுத்தப்ப ப்ளஸ் மைனஸ் மாறி பட்டுன்னு பொறி பறந்துச்சான்னு ஞாபகப்படுத்தி பாருங்க, அப்படி ஒரு தடவ நடந்தாலே கட்டவுட்டு போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. புதுசு வாங்கும்போது பழசயும் கைல எடுத்துட்டு போங்க, கப்ளர் உக்காந்தா மட்டும் போதாது, குழிக்கு குழி அதே கலர் ஒயர் வருதான்னு பாக்கணும், ஒரே கப்ளர்ல ஒயர் வரிசை மாறி வர்ற கட்டவுட்டு இருக்கு, அதை மாட்டுனா மாட்டுன நிமிசமே போயிடும். பைக் கட்டவுட்ட போட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

வண்டிய நிறுத்திட்டு ஃபேன் பெல்ட்ட கட்டைவிரலால அழுத்தி பாருங்க, ஒரு 10, 12 மில்லிமீட்டர் அமுங்குனா சரி. பெல்ட் ஓரம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா வழுக்குது, மாத்துங்க. வோல்ட் அளக்குறதெல்லாம் வண்டி ஓடும்போது குனிஞ்சு பாக்குற வேலை, கழுத்துல துண்டு போட்டுக்கிட்டு, கைலிய தளர கட்டிக்கிட்டு கிட்ட போகாதீங்க, பெல்ட்ல மாட்டுனா இழுத்துடும். பேட்டரி பக்கத்துல பீடி சிகரெட் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வர்ற ஹைட்ரஜன் வாயு பத்திக்கும்.

போக்கஸ் லைட்ட பத்தி. ரெண்டும் சேர்ந்து 40 வாட்ஸ்னு வச்சா மூணு ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஹெட்லைட் பழைய பல்பு ரெண்டும் 55 வாட்ஸ்னா அது ஒரு 9 ஆம்பியர். இந்த மாதிரி சின்ன டைனமோ நல்ல ஓட்டத்துலயே 15 ஆம்பியர் சொச்சம் குடுத்தா பெருசு. அப்ப எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ராத்திரில தோப்புக்குள்ள மெதுவா ஓட்டுனா பேட்டரிக்கு ஒன்னும் மிஞ்சாது, அதுல இருந்து எடுக்க தான் செய்யும். போக்கஸ் எரியும்போது ஹெட்லைட்ட அணைச்சிடுங்க. பாட்டு பெட்டிக்கும் போக்கஸ்க்கும் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற மாதிரி ஒரு ரிலேயும் தனி பியூஸும் போட்டு குடுக்க சொல்லுங்க, ஒரு மணி நேர வேலை. பாட்டு கேக்க வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், தோப்புல தனியா நாள் பூரா ஓட்டுறவருக்கு அதுவும் வேணும்.

இன்னொன்னும் சொல்லணும். சம்பா அறுப்பு முடிஞ்சு மாசிலேர்ந்து ஜூன் 12 மேட்டூர் தொறக்குற வரைக்கும் நம்ம பக்கம் பல வண்டி கொட்டகைல தான் கிடக்கும். வெயில் காலத்துல பேட்டரி சும்மா கிடந்தாலே தானா எறங்கும், சூடு ஏற ஏற சீக்கிரமா எறங்கும், எறங்குன நிலைல வாரக்கணக்குல கிடந்தா பிளேட்ல சல்பேட் கெட்டியா படிஞ்சு அப்பறம் எவ்வளவு ஏத்துனாலும் ஏறாது. உங்களுக்கு தோப்பு வேலை இருக்கறதால அவ்வளவு நாள் நிக்காதுன்னு நெனைக்கிறேன், ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேல எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சா மைனஸ கழட்டிடுங்க, மாசம் ஒருதடவ கடைல குடுத்து சார்ஜ் ஏத்திடுங்க. மைனஸ்ல இணைப்ப துண்டிக்கிற திருகு வச்ச ஐசொலேட்டர் ஸ்விட்ச் ஒன்னு போட்டுக்கிட்டா ஸ்பானரே தேவையில்ல.

செலவு வரிசை இப்படி வச்சுக்குங்க, மொதல்ல மீட்டரும் உப்புத்தாளும், அப்பறம் லக்கு, ஒயர், பியூஸ், அப்பறம் தேவைப்பட்டா கட்டவுட்டு, கடைசியா காயில். சார்ஜ் 14 காட்டுற வரைக்கும் புது பேட்டரி வாங்கவே வாங்காதீங்க, வாரண்டி இருக்குற பேட்டரின்னா கார்டு தேதிய பாருங்க, ஹைட்ரோமீட்டர்ல ஒரு செல் மட்டும் எறங்கியிருந்தா மாத்தி கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. அளந்து பாத்துட்டு நாலு நம்பர மட்டும் எழுதி அனுப்புங்க: ராத்திரி வச்சு காலைல பேட்டரி வோல்ட், வண்டி ஓட்டத்துல பேட்டரி வோல்ட், சாவி ஆஃப்ல கசிவு ஆம்பியர், டைனமோ ஒயர்ல ஏசி வோல்ட். கட்டவுட்டு கப்ளர்ல எத்தனை குழி, எந்த கலர் ஒயர்னும் சேர்த்து எழுதுங்க, அதை வச்சு எந்த ஒயர் எதுக்குன்னு நான் சொல்லிடறேன்.